ஆன்டிக் ஆகிப்போன ஈஸிசேர்

பழைய மரச்சாமான் கடையில் விற்பனை பார்க்கும் அவளுக்குச் ‘செஞ்சுரி’ என்று பட்டம் கட்டியவர் முதலாளிதான். எந்த மேசையைக் காட்டி எத்தனை வருஷத்துச் சாமான் என்று கேட்டாலும், “ஒரு செஞ்சுரி இருக்கும் சார்” என்பாள், வாய் கூசாமல்.

படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் காலத்தை அளக்கிற இங்கிலீஷ் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மா காலத்துச் சாமான் ‘விண்டேஜ்’. அதற்கும் முந்தியது ‘ஆன்டிக்’. எதற்குப் பயன்பட்டதென்றே தெரியாதது ‘பீரியட் பீஸ்’. கடைக்கு வந்த நாள் முதல் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காதது ‘டைம்லெஸ்’. ‘ஓல்டு’ மட்டும் கடைக்குள் கெட்ட வார்த்தை.

“சாமானுக்கு வயசானா மதிப்பு ஏறுது, மனுஷனுக்கு வயசானா மாத்திரை ஏறுது” என்று வீட்டில் புருஷனைச் சீண்டுவாள். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், சீனியர் சிட்டிசன் ஆன நாளிலிருந்து ஈஸிசேரை விட்டு எழுந்தது சாப்பிடத்தான். முதுகு அவருக்கு வேறெதிலும் படியாது.

அந்த ஈஸிசேரின் பிரம்பு அறுந்தது. பின்னுகிறவர் கடைக்கே வருவார் என்று அங்கே கொண்டுபோய், பின்னி முடித்ததும் முன்னறையில் போட்டிருந்தாள். அன்றைக்கென்று ஒரு பல் டாக்டர் வந்தார்.

“இது எவ்வளவு பழசு?” என்றார் அதைத் தொட்டு.

இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பழகிய வாய் அது பாட்டுக்கு ஓடியது. “பழசுன்னு சொல்லாதீங்க சார், ஆன்டிக். இந்தக் கைப்பிடி மினுமினுப்பப் பாருங்க, ஒரு செஞ்சுரி கை பட்டாத்தான் இப்படி வரும்.”

சும்மா பார்க்கிறார், போய்விடுவார் என்று டீ குடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஈஸிசேரும் இல்லை, டாக்டரும் இல்லை. முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். அது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஏசிக்கு நேர் கீழே கிடந்தது அது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள்.

“சார், அது ஆன்டிக் இல்ல. வெறும் பழசு. எங்க வீட்டுது.”

டாக்டர் சிரித்தார். “இன்னும் பெரிய பார்ட்டி யாராச்சும் கேட்டாங்களா?”

“பின்னங்கால் ஒட்டுப் போட்டது சார்.”

“பரவால்ல, அந்தக் காலத்து ஒட்டு.”

“அந்த மினுமினுப்பு எங்க வீட்டுக்காரர் கை எண்ணெய் சார்.”

“செஞ்சுரிக் கைன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

தன் வாயால் ஏற்றிய வயதைத் தன் வாயாலேயே இறக்க முடியவில்லை. குறைத்துச் சொல்லச் சொல்ல, மறைக்கிறாள் என்றே டாக்டருக்குப் பட்டது.

வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

“என்னைய விக்கறதா இருந்தாலாவது சொல்லிட்டு வில்லு” என்றார் அவர்.

“உங்கள எவன் வாங்குவான்? கடையில எந்த ரூம்ல வைக்கறதுன்னே எனக்குத் தெரியாது.”

அவர் ராத்திரி முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு புரண்டார். அவள் அவருக்குத் தெரியாமல் தூங்காமல் கிடந்தாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நேரே பல் ஆஸ்பத்திரி. பெயர் கேட்ட பெண்ணிடம், “அவசரமில்லம்மா, எல்லாரும் போகட்டும்” என்று சொல்லிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தார். சாய்ந்ததும் தூக்கம். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரே கடைக்குப் போன் செய்தார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரராம், தினமும் ஒருத்தர் இங்க வந்து தூங்கறார்.”

“தொந்தரவு பண்றாரா சார்?”

“தூங்கினாப் பரவால்ல. வாயப் பொளந்துட்டுத் தூங்கறார். முன்னாடி பல்லே இல்ல. கதவத் திறந்து பாக்கறவங்க, இங்க வைத்தியம் பாத்துக்கிட்ட ஆள்னு நெனைச்சுட்டுத் திரும்பிப் போறாங்க. சும்மாவே பல்லு கட்டறேன்னேன், வேண்டாங்கறார்.”

“அவருக்குப் பல்லு பழக்கமில்ல சார்.”

“தெய்வமே, சேர எடுத்துட்டுப் போயிடுங்க.”

அன்று சாயங்காலமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டி வைத்துக் கொண்டுவந்து, பழைய மூலையில் போட்டாள். அவர் உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டி, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“என்ன, முதுகு சரியா இருக்கா?” என்றாள், பக்கத்தில் நின்று.

“முதுகு சரிதான்” என்றார். “அங்க ஏசி இருந்துச்சு.”