ஒரு கூடைகூடப் போடாமல் ஜெயித்த ஆட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலமானால் ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுவேன். ஆடுவேன் என்பதைவிட உட்கார்ந்திருப்பேன் என்பதே சரி. யாராவது களைத்துப்போனால்தான் என்னை இறக்குவார்கள்.

ஆனால் அந்த வருடப் போட்டியின் முதல் சுற்றுகளில் எனக்கு யோகம். எதிரணிகள் எல்லாம் எங்கள் கேப்டனையே சுற்றி வளைத்தன. நான் மூலையில் சும்மா நிற்பேன். பந்து வரும், எறிவேன், விழும். கம்பெனியில் ஃபோர்மேன்கூட எழுந்து வணக்கம் சொன்னார். தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அரையிறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அணி. அந்த ஊர் மடவார் வளாகம் பகுதிப் பெண் ஒருத்தியை என்னை மறிக்கவென்றே நிறுத்தினார்கள். என்னைவிடக் குள்ளம், ஆனால் பம்பரம். நான் மூச்சு விட்டால் அவள் முகத்தில் படும். பாதி ஆட்டம் முடிந்தபோது என் கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. ஏழு புள்ளி பின்தங்கியிருந்தோம்.

இடைவேளையில் கேப்டனிடம், "என்னைய எடுத்துருங்கக்கா, அவ விடவே மாட்டேங்கா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, அவ ஒன்னைய விடமாட்டான்னா நல்லதுதான! நீ எங்க போனாலும் பின்னாலயே வருவா. தள்ளிப் போயி கோட்டோரமா நில்லு. அவளையும் கூட்டிட்டுப் போயிரு. நடுவுல நான் பாத்துக்கிடுதேன்."

அப்படியே செய்தேன். பந்தைக் கேட்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு ஓரத்திலேயே ஓடினேன். அவளும் விடாமல் வந்தாள். கூடைக்கு அடியில் வழி திறந்தது. கேப்டன் புகுந்து புகுந்து போட்டார். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "ஒன்னைய ஒரு பாஸ்கெட்டும் போடவிடலன்னு எங்க கோச் தட்டிக் குடுக்காரு. பொறவு எப்பிடி நாங்க தோத்தோம்?" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் இறுதி ஆட்டத்தைப் பார்க்க அவளும் பஸ் ஏறி வந்திருந்தாள். அன்று என்னை மறிக்க நின்றவள் நல்ல உயரம். ஆனால் அவள் திரும்புவதற்குள் நான் எறிந்துவிடுவேன். வரிசையாக நாலு விழுந்தது. கூட்டத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது: "எங்கிட்டப் போட ஏலல, இங்க வந்து என்னா போடு போடுதா பாரு!"

அந்த ஆட்டத்தில் எங்கள் கேப்டனை இரண்டு பேர் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் மைதானத்துக்குள் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, டீ குடிப்போம். அந்த உயரக்காரிய நீ எப்பிடி ஏமாத்துனன்னு சொல்லு. அடுத்த வருசம் எங்களுக்கு ஒதவும்."

நான் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன்.