பாடாத வாய்

கரிகாலனுக்கு முடி வெட்டும்போது காதுப் பக்கம் வந்தால் மெஷினை வைத்துவிட்டுக் கத்தரியை எடுப்பேன். ரக்பி விளையாடி விளையாடி அவனுக்கு இரண்டு காதும் நசுங்கி, பிசைந்த மாவு மாதிரிக் கிடக்கும். பிரான்ஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் என் சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவனை அடிதடிக்காரன் என்றுதான் நினைத்தார்கள். பந்து விளையாட்டில் காது போகும் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

வில்லியே லே பெல் என்ற புறநகரில் பிறந்து வளர்ந்தவன். அங்கே கிளப்பில் அவன் 'பிலியே'. பிலியே என்றால் தூண். முன்வரிசையில் கழுத்தைக் கொடுத்து முட்டுகிற ஆள். பிரான்ஸ் அணிக்குப் போகிற அளவுக்குத் தான் இல்லை என்பது அவனுக்கே தெரியும். ஆனால் அப்பா இராஜதுரை பிறந்தது யாழ்ப்பாணத்தில் என்பதால், விதிப்படி அவன் இலங்கைக்கு ஆடலாம். இருபத்தேழு வயதில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான்: ஒரு நாட்டின் சட்டையைப் போட்டு ஆட வேண்டும், அதை அப்பா பார்க்க வேண்டும்.

இராஜதுரை என் சலூனுக்குப் பக்கத்துக் கடையில் மரக்கறி விற்கிறார். அகதியாக வந்தவர். அவருடைய பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. மகன் போவதை அவர் தடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை.

இலங்கைக்காக அவன் ஆடிய முதல் ஆட்டம் முடிந்த மறுநாள், என் வாடிக்கையாளர் அருள்நேசன் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் வீடியோவைப் பெரிதாக்கிக் காட்டினார். சிங்கக் கொடிக்குக் கீழே அணி நிற்கிறது. தேசிய கீதம் சிங்களத்தில் ஒலிக்கிறது. கரிகாலனின் வாய் அசைகிறது.

"பாருங்கோ அண்ணை, பாடுறான். எங்களை அடிச்சுக் கலைச்சவங்கடை பாட்டைப் பாடுறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய பிள்ளைகள் வீட்டில் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். அவர்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் என்று பெரிதாக்கிப் பார்த்தாரா? ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? மரக்கறி வாங்க வருகிறவர்கள் இராஜதுரையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள்.

கொழும்பில் அதே வீடியோவைப் பார்த்தவர்கள் நேர்மாறாகத் திட்டினார்கள். உதடு பாட்டோடு பொருந்தவில்லையாம், வேண்டுமென்றே பாடாமல் நின்றானாம். அடுத்த போட்டிக்கு அழைப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கரிகாலன் கிளப்பையும் விட்டுவிட்டு, லா கூர்னெவ்வில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் முடி வெட்ட வந்தபோதுதான், அன்றைக்கு வாய் ஏன் அசைந்தது என்று கேட்டேன்.

"பல்லுக்கு வைக்கிற கவசம், மாமா. புதுசு, சரியாப் பொருந்தேல்லை. நாக்காலை தள்ளிக்கொண்டு நிண்டனான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு ரப்பர் துண்டு அவனை இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவனாக்கிவிட்டது.

அப்போது இராஜதுரை உள்ளே வந்தார். மகனுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"தம்பி, உண்மையைச் சொல். பாடினனியோ?"

"நொன், பப்பா. பாடேல்லை. எனக்கு அது தெரியாது."

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் இருண்டது.

"எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை அதைத் தமிழிலை சொல்லித் தந்தவை. இப்பவும் முழுக்கத் தெரியும். கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருப்பன். பாடியிருந்தா அவங்களெண்டாலும் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பாங்கள்."

கரிகாலன் அப்பா பக்கம் தலையைத் திருப்பினான். நான் கத்தரியை இறக்கினேன்.

"பப்பா, நான் விளையாடினதைப் பாத்தனீங்களோ?"

"ஓம். கடையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கிருந்து பாத்தனான்." தோளில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டார். "உனக்கு அந்த ஒரு ஆட்டந்தான் எண்டு தெரிஞ்சிருந்தா, இன்னும் வடிவாப் பாத்திருப்பன்."