எண்பதுக்கு மேல் இலவசம்

நான்காவது கொக்கியை மட்டும் வெர்னா காஸ்வெல் போடுவதில்லை. பனிச்சறுக்குக் காலணியில் கீழே இருக்கும் மூன்று கொக்கிகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பூட்டிவிட்டு, மேலே உள்ளதைத் திறந்தபடியே விட்டு நிமிர்ந்து உட்கார்வார். மேல்கொக்கியைப் போட்டால் முழங்கால் முன்பக்கம் மடியும். உடம்பு தானாகவே சறுக்கத் தயாராகிவிடும். அது, ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட நாற்காலி லிஃப்டின் வரிசைக்குப் போகும்போது செய்யவேண்டிய வேலை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அந்த வரிசைக்குப் போகவில்லை.

ஆனால் தினமும் வந்தார். லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவருடைய பிக்கப் வண்டி வந்து நின்றுவிடும். முன்னால் பனி தள்ளும் இரும்புத் தகடு, உள்ளே கண்ணாடியை ஒட்டி வெப்பக்காற்று வரும் இடத்தில் சூடேறிக்கொண்டிருக்கும் காலணிகள். வெர்னாவுக்கு வயது எண்பத்திரண்டு. வெர்மான்ட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை நெடுங்காலம் ஓட்டியவர். இப்போதும் விடியும் முன்பே எழுந்து, சாலையோர வீடுகளின் வாசல்களில் குவிந்த பனியைக் காசுக்குத் தள்ளிக் கொடுக்கிறார். பனிக்கட்டி படிந்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் வண்டியை இறக்குவார். குளவிக் கூட்டை வெறும் கையுறையோடு பிய்த்துச் சாக்கில் போட்டுக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையுறைகளும் சிறு பிள்ளைகளுடையவை போலத்தான் இருக்கும். இரண்டையும் ஒரு கம்பளிக் கயிற்றில் கோத்து, கோட்டின் கைகள் வழியாக விட்டிருப்பார். "தொலைச்சுட்டுத் தேடறதுக்கு எனக்கு ஏது நேரம்?" என்பார்.

நான் பார்லோ பனிச்சறுக்குக் குன்றில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்கிறேன். எங்களிடம் அறுபத்தைந்து வயதானால் கட்டணம் கொஞ்சம் குறையும், எழுபதானால் பாதி, எண்பது ஆகிவிட்டால் சீசன் பாஸ் இலவசம். ஊரெல்லாம் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் என் ஜன்னலுக்கு வந்தால் கூட்டிச் சொல்கிறார்கள். நான் கேட்பதற்குள் தலைக்கவசத்தைக் கழற்றி நரையைக் காட்டுவார்கள். "அடுத்த மாசம் எழுபதும்மா. ஒரு மாசம்தானே, கண்டுக்காத" என்று ஓட்டுநர் உரிமத்தைப் பாதி விரலால் மறைத்தபடி நீட்டுவார்கள்.

வெர்னா எண்பது நிறைந்த அன்று காலையில் நான் ஜன்னலைத் திறக்கும்போதே வெளியே நின்றிருந்தார். பாஸுக்குப் படம் எடுக்க நேராக நின்றார். ரசீதில் விலை என்று இருந்த இடத்தில் பூஜ்யம் அச்சாகி வந்ததும் அதைத் தூக்கிப் பிடித்து வரிசையில் நின்ற எல்லோருக்கும் காட்டினார்.

"வயசாச்சுன்னு டாக்டர் அதிகமா கேக்கறான், இன்சூரன்ஸ்காரன் அதிகமா கேக்கறான். இந்த மலை ஒண்ணுதான் குறைச்சுக் கேக்குது."

பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார்: "ஆனா ஏன் சும்மா குடுக்கறான்னு யோசிச்சியா பொண்ணே? எங்களால அவனுக்குப் பெருசா ஒண்ணும் செலவாகாதுன்னு தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உணவுக்கூடத்தில் மலையைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலை ஒட்டிய நீள மேசை இலவச பாஸ்காரர்களுடையது. எழுதி வைத்ததில்லை; மற்றவர்கள் உட்காருவதில்லை, அவ்வளவுதான். தக்காளி சூப், வாட்டிய சீஸ் ரொட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பி. புதிய இடுப்பு, புதிய முழங்கால், புதிய கண்லென்ஸ் பற்றிய பேச்சு. ஒருவர் ஏன் இன்னும் மேலே போகவில்லை என்று அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு நாள் அதே கேள்வி திரும்பி வரும்.

ஆர்மான் புஷே மட்டும் கேட்பார். வயது எண்பத்து நான்கு, ஆறடி உயரம், நரைத்த தொங்கு மீசை. லிஃப்ட் ஓடும் நாளெல்லாம் சறுக்குகிறவர்.

"என்ன வெர்னா, இன்னிக்கு என்ன குறை?"

"மேல கண்ணாடி மாதிரி கெட்டியா கிடக்கு. வெயில் வரட்டும்."

மதியம் வெயில் வந்திருக்கும்.

"இப்ப?"

"இப்பக் கஞ்சி மாதிரி குழைஞ்சு போச்சு. முட்டியத் திருகிடும்."

"காலைல கண்ணாடி, மத்தியானம் கஞ்சி. உனக்குன்னு தனியாத்தான் பனி பெய்ய வைக்கணும்."

"நீ வாய மூடிட்டு சூப்பக் குடி. மீசையெல்லாம் சீஸு."

எல்லோரும் சிரிப்பார்கள். வெர்னாவும் சிரிப்பார். ஆனால் யாராவது தடுமாறி ஏற, லிஃப்ட் சில நொடிகள் நின்றுவிடும்போது கூடத்தில் இரைச்சல் அடங்கிப்போகும். அப்போது அவர் கரண்டியால் கிண்ணத்தைத் தட்டத் தொடங்குவார். மெதுவாக, விடாமல். லிஃப்ட் மறுபடி ஓடும்வரை தட்டுவார்.

போன வருடம் மார்ச்சில் நடந்ததை எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னார். பனிக்காலணியைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல், என் உச்சந்தலையைப் பார்த்துச் சொன்னார். சறுக்கிக்கொண்டிருந்தபோது மேகம் இறங்கிவிட்டது. பாதையின் விளிம்பு எது, மரம் எது என்று தெரியவில்லை. ஒரு தேவதாரு மரத்தைச் சுற்றிப் பனிக்கடியில் மறைந்திருந்த குழிக்குள் தலை மறையும் ஆழத்துக்கு இறங்கிவிட்டார். பனிச்சறுக்குப் பலகை வேரில் மாட்டிக்கொண்டது. அசைந்தால் மேலேயிருந்து இன்னும் பனி உதிர்ந்தது.

"தலைக்கு மேலதான் பாத. ஜனங்க போறது கேக்குது. ஒருத்தி சிரிக்கறா. ஒருத்தன் ராத்திரி என்ன சமையல்னு கேக்கறான். நான் கத்தறேன். பனி குரலத் தின்னுடுது பொண்ணே. என் காதுக்கே கேக்கல."

பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சறுக்கு ஊன்றுகோலின் நுனியைப் பார்த்து ஆர்மான் வந்து இழுத்தாராம். எலும்பு முறியவில்லை, கீறல்கூட இல்லை. மறுநாளே வண்டியெடுத்துப் பனி தள்ளப் போனார். உடம்பில் ஒன்றுமில்லாததால் யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

எங்கள் குன்றில் இலவச பாஸுக்கு ஒரு விதி உண்டு. ஒரு குளிர்காலத்தில் ஒருமுறையாவது லிஃப்ட் வாசலைத் தாண்டியிருந்தால்தான் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். ஃபுளோரிடாவுக்குக் குடிபோனவர்கள் ஞாபகார்த்தமாகப் பாஸ் வைத்திருந்ததால் வந்த விதி. ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி கிடையாது. என் கணினித் திரையில் வெர்னாவின் படத்துக்குக் கீழே இந்த ஆண்டு ஒன்றும் பதிவாகவில்லை. மார்ச் பாதியில் அதை மெல்லச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "பணம் குடுத்து வாங்கலாம்தான். அதில்ல. அந்தப் பாஸோட அந்த மேசையில உக்காந்தா நான் சறுக்கறவ. அது இல்லாம உக்காந்தா சூப்பு குடிக்க வந்த கிழவி."

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீசன் முடிகிற அன்று இங்கே எல்லோரும் வேடம் போட்டுக்கொண்டு சறுக்குவார்கள். பசுமாடு, வாழைப்பழம், தாடிவைத்த மணப்பெண். காலையில் வெயில் அடித்தது. மதியத்துக்குப் பிறகு மலையுச்சி மேகத்துக்குள் போய்விட்டது. வெர்னா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சூப்பைத் தொடவில்லை. ஒரு கட்டத்தில் ஊதாக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார்.

நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்குமேல் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. அப்போதுதான் லிஃப்ட் வரிசையில் அந்த ஊதாக் கோட்டைப் பார்த்தேன். ஒரு நொடி, வெர்னாதான் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நொடி, கோட்டின் கைகள் முழங்கையோடு நின்றுபோனதும், கயிற்றில் கோத்த கையுறைகள் இருபுறமும் ஆடுவதும் தெரிந்தது. உள்ளே இருந்தவர் ஆர்மான். பாஸ் கோட்டுப்பைக்குள் இருந்தாலே வாசல் திறந்துவிடும், தாண்டினால் வெர்னாவின் பெயரில் பதிவாகிவிடும். ஆனால் திறக்கும்போது பாஸ்காரரின் படம் லிஃப்ட் ஓட்டுபவரின் திரையில் வந்துவிடும். வேறெல்லாம் யோசித்த ஆர்மான் அதை யோசிக்கவில்லை.

லிஃப்ட் ஓட்டுபவர் ரஸ், கோடையில் மாடு வளர்ப்பவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். திரையைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார்.

"வெர்னா! ஒரே ராத்திரில மீசை இவ்வளவு வளந்துடுச்சா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பசுமாடு வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு குரல் சாதாரணமாகக் கேட்டது: "வெர்னா ஏன் வரல? பயமா?"

ரஸ் ஆர்மானைத் தோளில் தொட்டு என் ஜன்னலுக்கு அருகே அழைத்து வந்தார்.

"அடுத்தவங்க பாஸப் போட்டா ரெண்டு பாஸையும் பிடுங்கணும். உமக்குத் தெரியாதா ஆர்மான்?"

"நான் நல்லதுக்குத்தான்யா..." ஆர்மானின் முகத்தில் கேலி எதுவும் மிச்சமில்லை. கையுறை ஒன்றைக் கயிற்றோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். "என்னுதப் பிடுங்கினா நான் காலைல எந்திரிச்சு எங்க போவேன்?"

ரஸ் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தப்ப நான் இன்னும் எழுதல. அவங்களே வந்து நின்னாங்கன்னா நான் சரியாப் பாக்கலன்னு வெச்சுக்கறேன். லிஃப்ட் நிறுத்தறதுக்குள்ள வரணும்."

கோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வெர்னா கண்ணாடி அருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார், அந்தக் குரல் கேட்டதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு பேருதுமா?"

"ஆமா."

"முட்டாப் பய" என்றார். அதில் கோபமில்லை. உட்கார்ந்து மேல்கொக்கிகளைப் போட முயன்றார். மூன்றாம் முறையும் கொக்கி நழுவியபோது கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் மண்டியிட்டுப் போட்டுவிட்டேன். என் தோளைப் பிடித்து எழுந்தவர், "நீ வா என்கூட" என்றார். "அவன் வேணாம். அவன் பேசிட்டே வருவான்."

ஜன்னலுக்குப் பின்னால் வைத்திருந்த என் காலணியையும் பலகைகளையும் மாட்டிக்கொண்டு அவரோடு போனேன். வாசல் அவரைப் பார்த்துப் பச்சை விளக்குப் போட்டது. ரஸ் திரையைப் பார்த்தார், தலையசைத்தார், கேட்காமலேயே லிஃப்டின் வேகத்தைக் குறைத்தார். இருவர் உட்காரும் நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலின் பின்பக்கத்தைத் தட்டியது. தரை எங்கள் பலகைகளைவிட்டு இறங்கிப்போனது. நான் பாதுகாப்புக் கம்பியை இறக்கியதும் வெர்னா இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டார்.

பாதி மலை வரை அவருடைய மூச்சு மட்டும் கேட்டது, ஏற்றத்தில் ஓடுபவருடையதைப்போல. கழுத்துத்துணியை மூக்குக்கு மேலே ஏற்றி, பனிக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். முன்னால் போன நாற்காலி மேகத்துக்குள் நுழைந்து காணாமல் போனது. பிறகு நாங்களும் நுழைந்தோம். கீழே பாதை இருக்கிறதென்று தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை.

"யாராவது பேசறது கேக்குதா உனக்கு?"

கேட்டுப் பார்த்தேன். எங்கோ கீழே பலகைகள் பனியை உரசிப் போயின. ஒரு பெண் சிரித்தாள்.

"கேக்குது" என்றேன்.

அவருடைய கை கம்பியைவிட்டு என் முழங்கைக்கு வந்தது.

உச்சியின் இரும்புச் சக்கரம் வெள்ளைக்குள்ளிருந்து திடீரென்று எழுந்தது. கம்பியைத் தூக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை வந்தது. நான் தூக்கப் போனேன்; அவர் மறுகையால் அதை அழுத்திப் பிடித்திருந்தார். மேலே நின்ற ஆள் கத்தினார்: "கம்பியத் தூக்குங்க! தூக்குங்க!"

"முடியாது பொண்ணே" என்றார் வெர்னா. துணிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "என்னால முடியாது."

நானும் என் கையைக் கம்பியின்மேல் வைத்து, அந்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் லிஃப்டை மெதுவாக்கினார். நாற்காலி இறங்குமிடத்தைத் தாண்டி, சக்கரத்தைச் சுற்றி ஒருமுறை உதறிவிட்டு, வந்த வழியே கீழே இறங்கத் தொடங்கியது.

ஏறுகிறவர்கள் எல்லோரும் மலையைப் பார்த்து வருவார்கள். இறங்குகிறவர் ஒருவர்தான் அத்தனை பேரையும் பார்த்தபடி போகவேண்டும். மேலேறிப் போய்ச் சறுக்காமல் நாற்காலியிலேயே திரும்புகிறவர்களை இங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. மேகத்தைவிட்டு வெளியே வந்தபோது பசுமாடு வந்தது. ஏதோ மரத்தைப் பார்த்தது. வாழைப்பழம் தன் கையுறையை ஆராய்ந்தது. மணப்பெண் தாடியைத் தடவியபடி பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிக்கொண்டார். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெர்னாவின் முகம் தெரிய வழியில்லை.

அடுத்த நாற்காலியில் ஆர்மான் தனியாக ஏறி வந்தார். தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார். பிறகு அவரும் மெல்லத் தலை குனிந்து தன் பலகைகளின் நுனியைப் பார்க்கத் தொடங்கினார்.

என் முழங்கையைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே, வெர்னா மறுகையால் கழுத்துத்துணியைத் தாடைக்குக் கீழே இழுத்தார். பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெறும் முகத்தை, மேலே வந்துகொண்டிருந்த நாற்காலிகள் பக்கம் திருப்பினார்.