பேனா ஸ்பிரிங்

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வந்துவிட்டது. பயந்துவிடாதீர்கள், தகரத் துப்பாக்கிதான். ரோல் கேப்பை உள்ளே சொருகி ‘டப் டப்’ என்று சுடுவோமே, அது. மண்ணூர் கடைத்தெருவில் வாங்கியது. என் மகன் சின்னப் பையன், அவன் விரலுக்கு அதன் ட்ரிகர் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க இழுத்தால் ஒரே ஒரு கேப் வெடிக்கும். “வாங்குன கடையிலயே குடுத்து மாத்திக்கினு வாடா” என்றேன். என் வீட்டுக்காரர் விடுவாரா?

அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எந்தப் பொருளையும் ரிப்பேர் கடைக்குக் கொடுக்க மாட்டார். போன வருஷம் மிக்ஸியை அவரே பிரித்துச் சரிசெய்தார். அன்றிலிருந்து அது மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சட்னி அரைக்கிறது. பாதி சட்னி சுவருக்கு, மீதி எங்களுக்கு. கேட்டால் தன் கையே தனக்குதவி என்பார்.

“இதுக்குப் போயி கடைக்கா? உள்ள ஸ்பிரிங்கு டைட்டா கீது. அவ்ளோதான் மேட்டரு” என்று துப்பாக்கியைப் பிரித்தார். உள்ளே இருந்த தடித்த ஸ்பிரிங்கை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருகி, அதிலிருந்த மெல்லிய ஸ்பிரிங்கை உள்ளங்கையில் தட்டினார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அந்த ஸ்பிரிங்கைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். பையன் அழ ஆரம்பித்துவிட்டான்.

“இன்னாடி ஆச்சு உனுக்கு?” என்றார் அவர். நான் பையனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கார் சீட் செய்கிற கம்பெனி. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஓர் இரும்பு இருக்கும், அதை போல்ட் போட்டு முடுக்குவது எங்கள் லைனின் வேலை. முடுக்குகிற கருவிக்குப் பெயரே கன். பிடி, ட்ரிகர், மூக்கு எல்லாம் அசல் கைத்துப்பாக்கி மாதிரியே இருக்கும். பின்னால் காற்றுக் குழாய் மாட்டியிருக்கும். ட்ரிகரை அழுத்தினால் மூக்கு சுற்றி போல்ட்டை இறுக்கும், விட்டால் நிற்கும். முதல் நாள் அதைக் கையில் கொடுத்தபோது லைன் லீடர் தனசேகரைக் குறிபார்த்து ‘டிஷ்யூம்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிற்பாடு பல நாள் நிஜமாகவே சுட்டுவிடலாமா என்று தோன்றியிருக்கிறது.

அந்தக் கன்னுக்கு ஒரு வாடை உண்டு. காற்றோடு சேர்ந்து எண்ணெய் புகையாக வெளியே வரும். அது தலைமுடியில் ஏறும், துப்பட்டாவில் ஏறும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்பு போட்டாலும் ரசம் சோறு பிசைந்தால் அந்த வாடைதான். கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே எந்த லைன் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். அப்படி எண்ணெய் வாடையோடு என் பக்கத்தில் தினமும் உட்கார்ந்தவள்தான் மாரீஸ்வரி.

சாத்தூர் பக்கம் அவள் ஊர். மண்ணூரில் எங்கள் தெருவிலேயே ஒரு ரூமில் நாலு பெண்களோடு தங்கியிருந்தாள். “என்னக்கா, நீங்க நல்லாப் பேசுனாலும் சண்டை போடுற மாதிரியே இருக்கு” என்பாள். நான் “இன்னாத்துக்குடி சண்ட?” என்று கேட்டால், “பாருங்க, இப்பக்கூட வைய்யுறீங்க” என்று சிரிப்பாள். அவளுடைய அங்கிட்டு, இங்கிட்டு, அம்புட்டு எல்லாவற்றையும் நாங்கள் கிண்டல் செய்வோம். அவளும் சளைக்காமல் எங்கள் ‘கீது’வைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். லைனில் எனக்கு அடுத்த இடம் அவளுடையது.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் போன கன்டெய்னர் லாரியின் டயர் ‘டமார்’ என்று வெடித்தது. திரும்பிப் பார்த்தால் மாரியைக் காணோம். சீட்டுக்கு அடியில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தாள். பஸ்ஸே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அவளை மேலே தூக்கியபோது அவள் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் சொன்னாள். அவள் அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. ஒரு மதியம் பக்கத்து ரூம் வெடித்து, அம்மாவின் ஒரு பக்கக் காதும் கழுத்தும் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. கூட வேலை பார்த்த சித்தி திரும்பி வரவே இல்லை. “அங்க பொம்பளைகளுக்கு வேற சோலி இல்லக்கா. போனா அந்த ரூம்புக்குள்ளதான் போகணும். இங்க என்ன கஷ்டம்னாலும் எதுவும் வெடிக்காதுல்ல. எனக்கு அது போதும்.” இந்தப் பக்கத்துப் புழுதியையும், லாரிச் சத்தத்தையும், ஹாஸ்டல்காரர்கள் சபிக்கிற உப்புத் தண்ணீரையும் அவ்வளவு ஆசையாக நேசித்த ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் அவளுடைய கன்னின் ட்ரிகர் இறுகிக் கிடந்தது. எல்லாருடையதும்தான், அவளுக்கோ விரல் குச்சி மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒற்றை விரலால் அழுத்த முடியாமல் இரண்டு விரல் போடுவாள், அப்புறம் மூன்று. காலையில் எழுந்தால் அந்த ஆள்காட்டி விரல் மடங்கியபடியே நிற்கும். இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறுவாள். ட்ரெய்னி காலத்தில் டார்கெட் எட்டாதவர்களைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். லைன் பலகையில் அவள் பெயர் ஏற்கெனவே சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

தனசேகரிடம் போய்ச் சொன்னோம். “கன்னு டைட்டா கீதா? நம்ம மெயின்டனன்ஸ் ஆளு இத்த தொடக்கூடாதும்மா. அம்பத்தூர்லேர்ந்து சர்வீஸ்காரன் வரணும். அவன் வந்தா பில்லு வரும். பில்லு வந்தா மேல இருக்கறவங்க என்னிய கேப்பாங்க. அடுத்த சர்வீஸ் வரிக்கும் ஓட்டுங்க, பாத்துக்கலாம்” என்றார். பார்த்துக்கொண்டார்தான், கடிகாரத்தையும் எங்களையும்.

அந்தச் சமயம் பாதுகாப்பு வாரம் வந்தது. ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். ‘பாதுகாப்பே முதலில்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும். டீ நேரத்தில் அந்தப் பேனாவை டக் டக்கென்று அழுத்தி விளையாடிக்கொண்டிருந்த மாரி சட்டென்று நிறுத்தினாள். கன்னின் ட்ரிகருக்குப் பின்னால் இருந்த மூடியைத் திருகினாள், உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்தாள், பேனா ஸ்பிரிங்கைப் போட்டு மூடினாள். “அக்கா, அழுத்திப் பாருங்க” என்றாள். வெண்ணெய் மாதிரி இறங்கியது. சின்னக் குழந்தைகூட அழுத்தலாம். எங்களுக்கு அன்றைக்குத்தான் பாதுகாப்பு வாரம் மாதிரி இருந்தது.

வாரம் முடிவதற்குள் லைனில் எல்லாக் கன்னிலும் பேனா ஸ்பிரிங். என்னுடையதிலும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். எங்கள் லைனில் ஒரு பேனாவும் எழுதவில்லை, கையெழுத்து போடப் போனால் முனை உள்ளே ஓடிவிடும். மாரியின் விரல் நிமிர்ந்தது, பெயர் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது. “இனிமே ஊருக்குப் போனா பொங்கலுக்குத்தான் போவேன், லீவு போட்டுட்டு” என்றாள். அந்த ‘லீவு போட்டுட்டு’ என்பதை அவள் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா!

லைன் வேகமானது. பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. பெரிய மேனேஜர் வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். எப்படி வேகம் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடுமே. அடுத்த வாரம் திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், நாங்கள் முக்கி முனகித் தொட்ட அந்த எண்தான் புது டார்கெட். லட்டு இன்னும் சிலர் டிபன் பாக்ஸில் இருந்தது. மாரி பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நம்ம கையாலேயே ஏத்திக்கிட்டோமேக்கா” என்றாள்.

பெல்ட் ஓட ஓட, போல்ட்டை ஒரு கையால் பிடித்து வைத்து மறு கையால் முடுக்க ஆரம்பித்தோம். அப்படிச் செய்யக் கூடாது, எங்களுக்கும் தெரியும். ஆனால் சரியான முறையில் செய்தால் சீட் நம்மைத் தாண்டிப் போய்விடும். ஒரு மத்தியானம் மாரி ட்ரிகரை விட்டாள். கன் நிற்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் ட்ரிகர் உள்ளேயே ஒட்டிக்கொண்டது, அதைத் திருப்பித் தள்ள பேனா ஸ்பிரிங்குக்குத் தெம்பு இல்லை. சுற்றிக்கொண்டிருந்த மூக்கு அவள் இடது கைக் கிளவுஸைச் சுருட்டிப் பிடித்தது. நான் காற்றுக் குழாயைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. “அக்கா, நிக்கமாட்டேங்குது, நிக்கமாட்டேங்குது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளவுஸைக் கழற்றியபோது இரண்டு விரல் அதோடேயே வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே அம்பத்தூர் சர்வீஸ்காரர் வந்துவிட்டார். நரைத்த தலை, தோளில் ஒரு ரெக்சின் பை. வரிசையாக ஒவ்வொரு கன்னையும் திறந்து பேனா ஸ்பிரிங்கை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டே வந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து புது ஸ்பிரிங்கைப் போட்டு, உள்ளே துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். டீ வருவதற்குள் வேலை முடிந்தது. நான் என் கன்னை அழுத்திப் பார்த்தேன். மெதுவாக இறங்கியது, விட்டதும் சொன்ன பேச்சு கேட்கிற மாதிரி நின்றது. “இவ்ளோதாம்மா. கூப்புட்டிருந்தா அன்னிக்கே வந்து பண்ணிக் குடுத்திருப்பேனே” என்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பாவம், அவர் என்ன செய்வார்?

விசாரணை என்று எங்கள் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு மாரியும் வந்திருந்தாள். கம்பெனிக் கருவியில் கைவைத்தது யார் என்று எச்ஆர் கேட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் அவளே எழுந்தாள். “நாந்தான் சார் போட்டேன். எல்லாத்துலயும் நாந்தான். உங்க ஆளு வர்ற வரைக்கும் இந்த லைனை யாரு ஓட்டுறது? லட்டுத் திங்கும்போது நல்லா இருந்துச்சுல்ல?” என்றாள். எச்ஆர் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது. கருவியைச் சேதப்படுத்தியது அவள் குற்றம், அதனால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை.

கணக்கு முடித்து அவள் ஊருக்குப் போன அன்று பஸ் ஏற்றிவிட நாங்கள் போனோம். “கீதுன்னு ஒரு தடவை சொல்லுங்கக்கா” என்றாள். சொல்ல முடியாமல் நான் அழுதேன்.

கொஞ்ச நாள் போன் செய்துகொண்டிருந்தாள். விரல் இல்லாதவளுக்குத் திரி சுற்றுகிற வேலை தர மாட்டோம் என்று ஊர்ப் பட்டாசு ஆலையில் சொல்லிவிட்டார்களாம். ரோல் கேப் ரூமில் போட்டார்களாம், பேப்பரில் மருந்துப் பொட்டு வைக்கிற வேலை. “மெதுவாச் செஞ்சா ஒண்ணும் ஆகாதுக்கா. உரசாமச் செய்யணும், அம்புட்டுதான்” என்றாள். கடைசியாகப் பேசியது ஒரு தீபாவளிக்கு முன்னால். “சீசனுல்ல, இங்கயும் டார்கெட்டை ஏத்திட்டாகக்கா” என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த எண்ணில் இந்தி பேசுகிற யாரோ எடுக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. ஷெட்டை வாங்கி பார்சல் குடோன் ஆக்கிவிட்டார்கள். தனசேகர் எங்கே போனாரோ. எங்கள் பஸ் நின்ற இடத்தில் மேம்பாலத் தூண் நிற்கிறது. மாரி இருந்த ரூமில் ஒடிசாக்காரப் பையன்கள் இருக்கிறார்கள். கையில் அந்த எண்ணெய் வாடைகூட எப்போதோ போய்விட்டது. பிரித்தபடியே கிடந்த துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் பையன் இப்போது கேப்பைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டிக்கொண்டிருக்கிறான். மருந்து வாடை வீடு முழுக்க.

டிவியில் பட்டாசு ஆலை என்று கீழே எழுத்து ஓடினால், அடுப்பை அணைத்துவிட்டுப் பெயர்கள் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் மாரீஸ்வரி என்ற பெயர் தெருவுக்கு நாலு இருக்கும். அதனால் பெயரைவிட வயதைத்தான் முதலில் பார்ப்பேன். அறுபது என்று வரும், பதினெட்டு என்று வரும். அப்பாடா என்றுவிட்டு, அப்படிச் சொன்னதற்காக என்னையே திட்டிக்கொள்வேன். போன வருஷம் ஒரு மாரீஸ்வரி வந்தாள். வயது போடவில்லை.