இறாலின் வீங்கிய கன்னம்

சிராங்கூன் சாலைப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்ட யாராவது ஆல்பத்தைப் பார்த்து, ‘அட, நானா இவ்வளவு அழகு!’ என்று பூரித்துப் போயிருந்தால், அந்தப் பூரிப்பில் பாதி ரஷீதாவுக்குச் சேர வேண்டியது. டன்லப் ஸ்ட்ரீட்டில் மாடியில் இருக்கிற ஒரு ஸ்டுடியோவில் முகம் துடைப்பது அவள் வேலை. துணியால் அல்ல, கம்ப்யூட்டர் பேனாவால். பரு போகும், தழும்பு போகும், மாப்பிள்ளையின் கருவளையம் போகும், கோணல் மூக்கு நேராகும். கேட்டுக்கொண்டால் மாமியாரின் முறைப்பைக்கூடக் கொஞ்சம் தணித்துக் கொடுப்பாள். இருபது வருஷமாக இதே வேலை. சும்மா சொல்லக்கூடாது, கைகாரி.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் படம் எடுத்தவர் பெயர் இருக்கும், ஸ்டுடியோ பெயர் இருக்கும், அச்சடித்த கடையின் பெயர்கூட இருக்கும். ரஷீதாவின் பெயர் மட்டும் இருக்காது. எப்படி இருக்கும்? துடைத்தது தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன துடைப்பு! அவளும் வெளியே மூச்சு விட்டதில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு படத்துக்குக் கீழே, பொடி எழுத்திலாவது, ‘வரைந்தவர்: ரஷீதா’ என்று வந்து பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

இது தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர் ரவூப். பஸ் ஓட்டுகிறவர். மார்சிலிங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: கடலோர உயிரினங்களைப் பற்றி வகுப்பு, அவற்றை வரையப் பயிற்சி, கடைசியாக ஒரு நாள் கடற்கரையில். அன்று உயிரை நேரில் பார்த்து வரைகிற படங்கள் வரைந்தவர் பெயரோடு ஒரு கையேட்டில் வரும். ரவூப் அங்கேயே நின்று போனிலேயே பதிவு செய்துவிட்டுத்தான் லிஃப்ட் ஏறினார்.

“உன் பேரைக் குடுத்துட்டேன்.”

“என்னங்க இது, என்னைக் கேக்க வேணாமா?”

“ஊரான் மூக்கையெல்லாம் நேராக்குறியே, போய் நண்டுக்கு மூக்கு இருக்கான்னு பாத்துட்டு வா லா.”

வகுப்பு எடுத்தவள் நிரஞ்சனா. கடல் உயிரினங்களை ஆராய்ச்சி செய்கிறவள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: “என்ன இருக்கோ அதை வரைங்க. எப்படி இருந்தா நல்லாருக்கும்னு தோணுதோ, அதை வரையாதீங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். ரஷீதாவும் ஆட்டினாள். தலையாட்டுவதற்கு என்ன, காசா பணமா!

கடற்கரை நாள் வந்தது. சாங்கியில் விடிகிற நேரம். தண்ணீர் எங்கேயோ தூரத்துக்குப் போயிருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், கடல் தன் தரையைத் திறந்து காட்டி அவள் பார்த்ததில்லை. பச்சைக் கடற்புல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. அதற்குள் நட்சத்திர மீன், வெள்ளரிக்காய் மாதிரி ஏதோ ஒன்று, மணலை உருட்டி உருட்டி வைக்கிற நண்டு. அதைவிட அவளை நிறுத்தி வைத்தது சத்தம். கரை முழுக்கப் படபடவென்று, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி.

“யாரும்மா இந்த நேரத்துல தாளிக்கிறாங்க?” என்றாள்.

நிரஞ்சனா சிரித்துவிட்டாள். “சொடுக்கு இறால்க்கா. ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கும். அதைப் படார்னு மூடுனா தண்ணியில ஒரு குமிழ் வந்து வெடிக்கும். அந்தச் சத்தம்தான். விரல் நீளம்கூட இருக்காது.”

“இத்தனூண்டுக்கு இத்தனை வாயா! யா அல்லாஹ்.”

அந்த இறாலில் ஒன்றுதான் ரஷீதாவின் பங்குக்கு வந்தது. அனுமதி வாங்கித்தான் பிடித்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் உயிர், ஒரு தட்டு கடல்நீர். தண்ணீர் ஏறுவதற்குள் வரைந்து முடித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். போனில் படம் எடுத்து வீட்டில் வைத்து வரைவதெல்லாம் கையேட்டில் சேராது.

கரையோரக் கொட்டகையில் உட்கார்ந்து ரஷீதா பேனாவை எடுத்தாள். அப்புறம் அவளைக் கூப்பிட்டால்கூடக் காது கேட்டிருக்காது. மீசையின் ஒவ்வொரு கணுவும், கொடுக்கின் ஒவ்வொரு முடியும் தாளில் இறங்கின. பக்கத்தில் நத்தை வரைந்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, தன் நத்தையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

முடித்ததும் நிரஞ்சனா வந்தாள். படத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“அக்கா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இறாலுக்கு வலது பக்கம் கன்னம் மாதிரி வீங்கியிருக்கே, அது படத்துல எங்க?”

“அதுவா? எங்கயோ அடிபட்டிருக்கு போல, பாவம். புக்குல வர்ற படமாச்சே, எதுக்கு அசிங்கமான்னு எடுத்துட்டேன்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ஸ்டுடியோவில் இதற்குப் பாராட்டுத்தான் கிடைக்கும்.

நிரஞ்சனா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இறாலைப் பதமாக எடுத்து மேசையில் இருந்த மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஈரத்தோடு வைத்து, ஓட்டின் ஓரத்தை ஒரு மெல்லிய தூரிகையால் துளி நிமிர்த்தினாள். “இப்பப் பாருங்க.”

ரஷீதா குனிந்தாள். முதலில் வெளிச்சம்தான் தெரிந்தது. பிறகு, அந்த வீக்கத்துக்குள் ஏதோ அசைந்தது.

உள்ளே ஒரு ஜீவன் இருந்தது. பிசைந்த மாவை ஒருபக்கமாக இழுத்துவிட்டாற்போல் வெளுத்துக் கோணிய உடம்பு. அதன் வயிற்றடியில் ரவை ரவையாக முட்டைகள். அது பாட்டுக்கு நிதானமாக அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது, தன் வீட்டில் இருக்கிற மாதிரி.

“பொம்பளை. ஒட்டுண்ணி. தூசி மாதிரி இருக்கும்போது உள்ள வந்திருக்கும். சாப்பாடு இறாலோட ரத்தம். இனிமே வெளிய வராது. அவளோட வாலுகிட்ட பாருங்க, ஒரு பொட்டு தெரியுதா? கண்ணுகூட இருக்கும்.”

“ஆமா... ஆமாம்மா, நகருது!”

“அவரு புருஷன்.”

ரஷீதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் நீளம் இல்லாத இறால், அதன் கன்னத்துக்குள் ஒருத்தி, அவள் மேல் ஒருவன், அவர்களுக்கு இத்தனை பிள்ளைகள்! “சுப்ஹானல்லாஹ்,” என்றாள்.

“இறால் ஓடு மாத்துறப்பல்லாம் புது ஓட்டுல இவங்களுக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் வளருது.”

குடியிருக்க வந்தவளுக்காகச் சுவரைத் தள்ளிக் கட்டுகிற வீட்டுக்காரரை இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

“அதுக்கு வலிக்காதாம்மா?”

“தெரியலக்கா. யாருக்கும் தெரியாது. இது என்ன வகைன்னே எனக்குச் சொல்லத் தெரியல.”

வெளியே தண்ணீர் புல்லைத் தொட்டுவிட்டது. நிரஞ்சனாவுக்கு நல்ல மனது. “பரவால்லக்கா, ஒட்டுண்ணி இல்லாத இறால் இப்படித்தான் இருக்கும். இந்தப் படத்தையே கையேட்டுல போட்டுடலாம், உங்க பேரோட,” என்றாள்.

ரஷீதா படத்தைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. இருபது வருஷம் காத்திருந்த பெயர் அதன் கீழே வந்து உட்காரத் தயாராக இருந்தது. யாரும் குறை சொல்லப் போவதில்லை.

“வேணாம்மா. இப்படி ஒரு இறாலை நான் பார்க்கவே இல்லையே,” என்றாள். “இன்னொரு தாள் குடு.”

“டைம் பத்தாதுக்கா. பாதிப் படத்தைக் கையேட்டுல எடுக்க மாட்டாங்க.”

“தெரியும். குடு.”

இந்த முறை மீசையைத் தொடவில்லை, கொடுக்கைத் தொடவில்லை. வீங்கிய கன்னத்தில் ஆரம்பித்தாள். ஓட்டை நிரஞ்சனா தூரிகையால் பிடித்துக்கொண்டிருக்க, கோணிய உடம்பை அது கோணியபடியே வரைந்தாள். பொட்டுப் புருஷனுக்கு அவள் கண் வைத்து முடித்தபோது நிரஞ்சனா தோளைத் தொட்டாள். நிறுத்தச் சொல்ல அவளுக்கே மனசில்லை, ஆனாலும் நேரமாகிவிட்டது.

முழங்கால் தண்ணீரில் நின்று ரஷீதாவே இறாலை விட்டாள். அது பின்னோக்கி ஒரு துள்ளல் துள்ளிக் குடித்தனத்தோடு புல்லுக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது ரவூப் பஸ் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காத்திருந்தார்.

“என்ன, படம் புக்குல வருதா?”

“வராதுங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. அவளோ செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்: வீக்கம், உள்ளே இருந்தவள், அவள் மேல் இருந்தவன், முட்டைகள். “ஒரு குடும்பங்க! நான் பாட்டுக்கு மருவைத் துடைக்கிற மாதிரி துடைச்சுப் போட்டேனே!” பையிலிருந்து தாளை உருவி நீட்டினாள்.

ரவூப் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வாலில்லாத, கொடுக்கில்லாத பாதி இறால். அந்தக் கன்னத்துக்குள்ளேதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். திருப்பி ஓரங்களில் தேடினார்.

“ரஷீதா, உன் பேரை எங்க காணோம்?”

அவள் எட்டிப் பார்த்தாள்.

“அட, போட மறந்துட்டேங்க.”