பூட்டில்லாத புத்தகக் கடை

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது.

அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் போகும்போது போனில் நாவல் படிப்பேன். அதே அத்தியாயத்தை என் மனைவி வீட்டில் தன் போனில் படிப்பாள். சாயங்காலம் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். எனக்குத் தாராளமாகப் பேச்சு வருவது அப்போதுதான்.

புதிதாக ஓர் இணையக் கடையில் வாங்கிய நாவல் என் போனில் மட்டுமே திறந்தது. அவள் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன், கடைக்காரன் பூட்டுப் போட்டிருந்தான், திறக்கவில்லை.

"இன்னாயா, துட்டு குடுத்து வாங்கினது நீ, சாவி கடைக்காரன் கையிலயா?" என்று சிரித்தாள்.

இனிப் பூட்டில்லாத கடையில்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். அதற்கு விசாரிக்க வேண்டும். புது ஆட்களிடம் எனக்கு வாயே திறக்காது. கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு கடைக்கும் போன் செய்தேன். இரண்டு கடைகளில் பூட்டில்லாமல் தர முடியாது என்றார்கள். மூன்றாவது ஒரு சிறிய பதிப்பகம்.

"பூட்டெல்லாம் இல்லண்ணா. வீட்ல ரெண்டு பேரும் படிங்க. ஊருக்கே அனுப்பிடாதீங்க, அவ்ளோதான்" என்றாள் போனை எடுத்த பெண்.

"அனுப்ப மாட்டேம்மா" என்றேன். இனி எங்களுக்கு அந்தக் கடைதான்.

முன்பு வாங்கிய அந்தப் பூட்டுப் போட்ட நாவல் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. "அப்போ நீயே படிச்சிக் காட்டு" என்றாள் மனைவி. எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கிறேன். இன்று பதினோராம் அத்தியாயம் முடிந்தது.

எழுதியது, ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை.