உள்ளே இருந்து போராடியவன்

ஆபீசில் அவனுக்கு வைத்த பெயர் ஓசி. மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய புரோகிராமை ஊருக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனும் அந்தப் பெயரைப் பட்டம் வாங்கியவன் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான்.

புரோகிராம் பிறந்தது அக்காவுக்காக. ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்கிறவள் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இவனை வளர்த்து ஆளாக்கியவள். நல்லா இருந்த கண் இரண்டும் ஒரு காய்ச்சலில் போய்விட்டன. வேலையும் போய்விடும் என்று எல்லோரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது, திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றை இவன் எழுதிக் கொடுத்தான். அதன் சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமை ஆக்கும் மூல வரிகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்தும் வைத்தான். முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து கை கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கஞ்சன் என்று பெயர். பேச்சும் கம்மி, கோடும் கம்மி. பத்து வரி எழுத வேண்டிய இடத்தில் மூன்று வரியோடு முடித்துவிடுவார். ரத்தப் பரிசோதனை அட்டவணைகளைக் கட்டம் மாறாமல் படிக்கிற பகுதி அவர் எழுதியதுதான். அது இல்லாவிட்டால் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வேலையே இல்லை.

அப்போதுதான் அந்தக் கம்பெனி வந்தது. பாதி உலகத்தின் கம்ப்யூட்டர்கள் ஓடுவது அவர்களுடைய சிஸ்டத்தில்தான். தங்கள் கோடைப் பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டியவர்கள். திறந்த கோடு எழுதுகிறவர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவர்கள். திடீரென்று ஞானோதயம் வந்து, 'எங்கள் கதவுகள் திறந்துவிட்டன' என்று லிப்டுக்குள்கூட போஸ்டர் ஒட்டினார்கள். இவனைக் கூப்பிட்டு, உன் புரோகிராமோடு வா, திறந்த கோடு பிரிவுக்கு நீயே தலைவன் என்றார்கள்.

அக்கா சிரித்தாள். "பூனை பால்கடை தொறந்திருக்குன்னு சொல்ற. சரி, போ. கல்லாவுல உன்னை உக்கார வெச்சா மட்டும் உஷாரா இரு."

"அவங்க நிஜமாவே மாறிட்டாங்கக்கா. மாறலைன்னா நான் உள்ள இருந்து மாத்துவேன்."

"மாத்துவே, மாத்துவே. முதல்ல போட்டிருக்கிற சட்டையை மாத்து, ரெண்டு நாளா நாறுது."

சேர்ந்தான். கண்ணாடி அறை, சாய்ந்தால் சாய்கிற நாற்காலி, வாசலில் பெயர்ப்பலகை. மேனேஜர் அம்மா வாய் நிறைய 'சார்' போட்டுப் பேசினாள். பெரிய மேடை ஒன்றில் அவனை ஏற்றினார்கள். அக்காவையும் கைபிடித்து ஏற்றி, ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கவைத்துக் காட்டினார்கள். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கீழே இறங்கியதும் அக்கா, "என்னைப் பார்த்து அழுதாங்களா, கைதட்டினாங்களா? ரெண்டும் சேர்ந்து கேட்டுச்சு, எனக்குப் பிடிக்கலை" என்றாள். இவன் காதில் கைதட்டல் மட்டும்தான் விழுந்திருந்தது.

மறுவாரம் மேனேஜர் அம்மா ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாள். புரோகிராமுக்குக் கை கொடுத்த எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். புரோகிராமை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்கிற நிபந்தனைகளைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கம்பெனிக்குத் தருகிறோம் என்று அதில் ஒரு வரி.

"சும்மா சம்பிரதாயம் சார். சட்டப் பிரிவுக்காரங்க எதுக்கும் ஒரு கையெழுத்து கேப்பாங்க."

ஒவ்வொருவருக்கும் இவனே போன் போட்டான். நீங்க சொன்னா சரி என்று இவன் முகத்துக்காகப் போட்டுக் கொடுத்தார்கள். கஞ்சன் மட்டும் மசியவில்லை.

"மாத்தப் போறதில்லைன்னா மாத்துற உரிமை எதுக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார், போனை வைத்துவிட்டார்.

நியாயமான கேள்வி. மடையன், அதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் கேட்டிருக்கலாமே! கேட்கவில்லை. கை கொடுத்தவர்களின் இணையக் குழுவில் எல்லோரும் பார்க்க, 'வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்' என்று கஞ்சனைப் பற்றி எழுதினான். கையெழுத்து வராததால் அவர் எழுதிய பகுதியைத் தன் கையாலேயே பிய்த்து எறிந்துவிட்டு, அதைத் தானே புதிதாக எழுதினான். புதியது சர்க்கரை அளவைக் கொண்டுபோய் உப்பின் கட்டத்தில் படித்தது. அக்காதான் கண்டுபிடித்துத் திட்டித் திட்டித் திருத்த வைத்தாள்.

ஒரு வருஷம் போனது. கம்பெனி தன் சிஸ்டத்தின் புதிய பதிப்பை வெளியிட்டது. இனிமேல் திரையைப் படிக்க வேண்டுமானால் எந்தப் புரோகிராமும் கம்பெனியின் அனுமதிச் சாவி வாங்க வேண்டும், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக என்றார்கள். இவனுடைய புரோகிராமுக்குப் புதுப் பெயர் வைத்து, மூடி, காசு கொடுத்து மொத்தமாக வாங்குகிற நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். பழைய திறந்த கோடு இணையத்தில் அப்படியே கிடந்தது, ஆசை தீரப் பார்த்துக்கொள்ளலாம். சாவி இல்லாததால் ஓடத்தான் ஓடாது. போஸ்டரை யாரும் கிழிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புதிய பதிப்பைப் போட்ட அன்று அக்காவின் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. ஒரே ஒரு ஆளுக்காகப் புதிதாக எதையும் வாங்க முடியாது, இந்த மாதத்துக்குள் சும்மா கிடைக்கிற எதையாவது ஓட வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள். இவன் மேனேஜர் அம்மாவிடம் ஓடினான்.

"எங்க அக்கா மெஷினுக்கு மட்டும் ஒரு சாவி கொடுங்க மேடம். மேடையில உங்க பக்கத்துல நின்னாங்களே, அவங்கதான்."

"சொந்தக்காரங்களுக்கு மட்டும் சலுகை கொடுத்தா அது திறந்த கம்பெனியா சார்? நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றாள். முகத்தில் சிரிப்பு ஒரு துளி குறையவில்லை.

இந்த நேரத்தில்தான் கஞ்சன் ஒரு காரியம் செய்தார். பழைய கோடைத் தூசி தட்டி, தன் பகுதியை மறுபடி சேர்த்து, புதிய பதிப்பில் ஓடுகிற மாதிரி ஆக்கி, முறைப்படி சாவிக்கு விண்ணப்பித்தார். விவரம் தெரிந்ததும் அக்கா துள்ளிக் குதித்தாள். "அது வந்துட்டா போதும்டா, திங்கக்கிழமையே வேலைக்குப் போயிடுவேன்!"

விண்ணப்பம் வந்து நின்றது இவன் மேசையில். வெளியார் புரோகிராம்களுக்கு அனுமதி கொடுக்க அப்போதுதான் ஒரு குழுவைப் போட்டு, அதற்கும் இவனையே தலைவனாக்கியிருந்தார்கள்! மேனேஜர் அம்மா கதவருகே நின்று சொன்னாள். "முடிவு முழுக்க உங்களோடது சார். நாங்க யாரும் தலையிட மாட்டோம். நம்ம விக்கிற சரக்குக்குப் போட்டியா சும்மா கொடுக்கிற ஒண்ணை உள்ள விட்டா, உங்க பிரிவே எதுக்குன்னு மேல கேப்பாங்க. அதை மட்டும் யோசிச்சுக்கோங்க."

யோசித்தான். இந்த வேலை போனால் வீட்டில் இரண்டு பேரும் சும்மா உட்கார வேண்டும். உள்ளே ஆள் இருந்தால்தானே நாளைக்கு எதையாவது மாற்ற முடியும்? இன்றைக்குத் தோற்று நாளைக்கு ஜெயிப்பதற்கும் போராட்டம் என்றுதான் பெயர். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் 'நிராகரி' என்ற பொத்தானை அழுத்தினான். காரணம் என்ற இடத்தில், இதே பயன்பாட்டுக்கு எங்களிடம் ஏற்கெனவே புரோகிராம் உள்ளது என்று எழுதினான். பிறகு போய்ச் சாப்பிட்டான். சாப்பாடு இறங்கவும் செய்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கஞ்சன் போன் பண்ணினார்டா. நிராகரிச்சுட்டாங்களாம்."

"ஆமாக்கா. மேல இருக்கிறவங்க ஒத்துக்கலை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"நீதான் பண்ணினேன்னு சொன்னார். எனக்கு வந்துச்சே கோபம்! அன்னைக்கு அவன் திட்டினதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க, அவனை வளர்த்தது நானு, எனக்குத் தெரியும்னு கண்டபடி கத்திட்டேன். பாவம், அந்த மனுஷர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை." முகத்தை அவன் நின்ற பக்கம் திருப்பினாள். "பொய்தானே அது?"

அவன் தண்ணீர்ப் பானையைத் திறந்தான், மூடினான்.

"பொய்தானேடா?"

"அக்கா, நான் உள்ள இருந்தாத்தான்…"

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். மேசையைத் தடவிப் போனை எடுத்தாள். விரலாலேயே பழகிய எண்களை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்தார்கள்.

"நான்தான் பேசறேன். மத்தியானம் நாக்கு நீளமா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க சொன்னதுதான் நிஜம்." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "தம்பியா? இல்லைங்க, இங்க கம்பெனிக்காரர் ஒருத்தர் நிக்கிறார். அவர் போனதும் பேசுவோம்."

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.